இது எங்களிடம் இருக்கிறது

என்டரைத் தட்டிய விரலை ரேணுகாதேவி இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் தட்டினது தட்டாததாகிவிடப் போவதில்லை, ஆனாலும் எடுக்கவில்லை. திரையில் ஒரு வரி வந்து நின்றது. அந்த மென்பொருளை எழுதியவனின் ஆங்கிலம் வறண்ட ஆங்கிலம். அவள் அதை மனசுக்குள் தமிழாக்கித்தான் வாசிப்பாள். நீ சொன்னதைப் போட்டாச்சு தாயி, ஐந்து நிமிஷத்துக்குள்ளே சரி என்று இன்னொரு தடவை சொல்லு, சொல்லாவிட்டால் நானே பழையபடி மாற்றிவிடுவேன். இந்த ஏற்பாடு இல்லாமல் அவள், வெளியுலகத்தோடு பேசுகிற எல்லை ரவுட்டரில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், பாதிப் பேர் செய்வதில்லை. முதலாளியின் மச்சான் பிரகதீஷ் செய்ததே இல்லை. அவன் ஒருநாள் இங்கே உட்கார்ந்தபடி தாராபுரம் ரவுட்டருக்குள் நுழைந்து, ஏதோ மாற்றப் போய், தான் நுழைந்த வழியையே அடைத்துவிட்டு, திறந்துவிட அங்கே ஆளில்லாமல் பஸ் ஏறித் தாராபுரம் போனான். போகிற வழியெல்லாம் போனில் திட்டு வாங்கிக்கொண்டே போனான். தப்பு செய்தால் தானாகத் திரும்பிக்கொள்கிற ஒரு வசதியை எவனோ புண்ணியவான் செய்து வைத்திருக்கிறான், அதைப் பயன்படுத்தக்கூட இவர்களுக்கு வலிக்கிறது. ஆனால் அந்த வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு என்று இந்த நிமிஷம்வரை அவளுக்கு உறைத்ததில்லை. சும்மா இருந்தாலே போதும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், இப்போது செய்தது நடக்காததாகிவிடும், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஏசி ஒழுகலுக்காக வைத்திருந்த பெயிண்ட் வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே உடுமலைப்பேட்டையின் முற்பகல் வெயிலில், கம்பத்தில் சுருட்டிக் கட்டிய கேபிள்கள் காற்றுக்கு ஆடின. அவள் விரலை எடுத்தாள்.

காலையில் நாச்சிமுத்து அண்ணன் இதே இடத்தில் வந்து நின்றபோது அவர் கையில் டீ டம்ளர் இருந்தது. ஊருக்கு நெட் லைன் கொடுக்கிற இந்தக் கம்பெனி அவருடையது. ஒரு காலத்தில் கேபிள் டிவிக்குக் கம்பம் ஏறியவர், சட்டைக் கையை மடித்துவிட்டால் முழங்கையில் கம்பி கிழித்த தழும்பு இப்போதும் தெரியும். "அம்மிணி, பொள்ளாச்சி ரோட்டுக் காலேஜுல நாளைக்குப் பரிட்சையாமா?" என்றார். அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். வினாத்தாள் இப்போதெல்லாம் நெட்டில்தான் வருகிறது. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கி, நகலெடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். "அவுங்க அட்ரஸு நம்மகிட்டதான இருந்துது. நாளைக்கு ஒரு அரை நாளு அது இன்னமும் நம்மகிட்டத்தான் இருக்குதுன்னு சொல்லிவுடு. அவ்வளவுதான். பிரகதீஷு சொன்னான், ரெண்டு வரி வேலையாமா." சொல்லிவிடு. எவ்வளவு லேசான சொல். அவளுடைய வேலையே சொல்லிவிடுவதுதான். இன்டர்நெட் என்று என்னவோ பெரிதாகப் பேசுகிறார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் மொத்தமும். இந்த முகவரிகள் எங்களிடம் இருக்கின்றன, இவற்றுக்கு வருவதை எங்களிடம் கொடுங்கள் என்று உடுமலை ரவுட்டர் கோயம்புத்தூருக்குச் சொல்லும், கோயம்புத்தூர் சென்னைக்குச் சொல்லும், சென்னை மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் சொல்லும், ஒரு நிமிஷத்தில் உலகத்துக்கே தெரிந்துவிடும். யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. சொன்னால் நம்புவார்கள், நம்பித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே ஓடாது. மேலே இருக்கிற பெரிய கம்பெனிகள் சரிபார்த்துத்தான் வாங்குகிறோம் என்று மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டுவார்கள். இவர்களுக்கு லைன் தருகிற மேல் கம்பெனி சரிபார்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைவிட மோசம், பிரகதீஷுக்கும் தெரியும். அந்தக் காலேஜுக்குச் சொந்தமாக ஒரு முகவரித் தொகுதி இருக்கிறது. இவர்களிடம் லைன் வாங்கியிருந்த காலத்தில் அதற்காக இவர்கள் சொன்னார்கள். இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அந்தக் கம்பெனி சொல்கிறது. நாளைக் காலையில் இங்கிருந்தும் சொன்னால் வினாத்தாள் காலேஜைத் தேடிக் கிளம்பி, டயர் கடை மாடிக்கு வந்து, இந்த ரவுட்டருக்குள் விழுந்து காணாமல் போகும். பிள்ளைகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலேஜ் தாளாளர் புதுக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துவார், புதுக் கம்பெனி எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும். நாச்சிமுத்து அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அவள் என்ன சொன்னாள் என்றால், பாக்கறேனுங்ணா என்றாள். இந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் இருக்கிற பதில் அது. லீவு கேட்டவனுக்கும் அது, லைன் கேட்டவனுக்கும் அது, முடியவே முடியாது என்று தெரிந்த காரியத்துக்கும் அது. சரி என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. கேட்டவர் தமக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அண்ணன் சரி என்ற அர்த்தத்தை எடுத்துக்கொண்டு கீழே டயர் கடைக்காரரிடம் பேசப் போய்விட்டார். அவர் போன பிறகு அவளுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். தன்மேல் எரிச்சல். என்னத்தைப் பார்ப்பாய், ரேணுகா? நாளைக் காலையில் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்வாயா? படுத்துக்கொண்டால் பிரகதீஷ் வந்து தட்டிவிட்டுப் போவான், இரண்டு வரிதானே. படுத்துக்கொண்டதற்கும் தட்டியதற்கும் என்ன வித்தியாசம்? அப்போதுதான் அவள் எடிட்டரைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். அவர் கேட்ட இரண்டு வரியை அல்ல. வெளியே போகிற வழியில் ஒரு காவல். இன்னின்ன முகவரிகள் நம்முடையவை, இன்னின்னவை நம்மிடம் எழுதிக் கொடுத்தவர்களுடையவை, இவை மட்டும் வெளியே போகட்டும், மற்றதை யார் வந்து சொல்லச் சொன்னாலும் வாசலிலேயே நிறுத்திவிடு. இந்தக் காவல் என்றைக்கோ போட்டிருக்க வேண்டியது. எல்லா நல்ல கம்பெனியிலும் போட்டிருப்பார்கள். இங்கே இதுவரை எல்லாம் அவள் நினைவிலும் அவள் நாணயத்திலும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் ஒரு மனுஷர் டீ டம்ளரோடு வந்து நின்று சொல்லிவிடு என்று சொல்ல முடிகிறது. எழுதும்போது கை வேகமாகப் போயிற்று. சின்ன வயசில் கோபம் வந்தால் வாசல் பெருக்குவாள், மண் பறக்கப் பெருக்குவாள், அந்த வேகம். இரண்டு தடவை படித்துப் பார்த்தாள், என்டர் தட்டினாள். இப்போது கடிகாரம் ஓடுகிறது. அவள் வழக்கம், உடனே சரி சொல்ல மாட்டாள். எல்லாப் பக்கமும் ஓடுகிறதா, எங்கேயாவது ஏதாவது விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். எனவே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறேன் என்று சொல்லி உண்மையிலேயே பார்த்தது இன்றைக்குத்தான்.

அந்த இரண்டு வரி. பிரகதீஷ் புத்திசாலிதான், அது வேறு விஷயம். ஒரே முகவரியை இரண்டு பேர் எங்களிடம் இருக்கிறது என்று சொன்னால் யாரை நம்புவது? யார் இன்னும் நறுக்காகச் சொல்கிறாரோ அவரை. ஒருவன் இந்தத் தெரு முழுக்க எங்களுடையது என்கிறான், இன்னொருவன் இந்தத் தெருவில் நாலாவது வீடும் ஐந்தாவது வீடும் எங்களுடையது என்கிறான்; ரவுட்டர் இரண்டாமவனைத்தான் நம்பும். தெருவே எங்களுடையது என்று சொன்னவன் உண்மைக்காரனாக இருக்கலாம், அதெல்லாம் ரவுட்டருக்கு வேண்டாம். நறுக்காகச் சொன்னால் உண்மை. காலேஜ் தொகுதியை இரண்டாக வெட்டி, இந்தப் பாதி எங்களிடம், அந்தப் பாதியும் எங்களிடம் என்று சொன்னால் முடிந்தது, உலகம் இங்கே திரும்பிவிடும். அதனால்தான் இரண்டு வரி. அத்தையும் அப்படித்தான் செய்தாள். கோமளவல்லி அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள். அவள் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ரேணுகா சொன்ன வருஷம். பெண்ணுக்குப் பழக்கம் சரியில்லை என்று அத்தை பொதுவாகச் சொல்லியிருந்தால் அப்பா அடித்துத் துரத்தியிருப்பார். அத்தை பொதுவாகச் சொல்லவில்லை. தளி ரோட்டு பேக்கரியில், ஜன்னல் ஓரத்து மேஜையில், சிவப்பு ஹெல்மெட் வைத்திருந்த பையன் என்று சொன்னாள். ஹெல்மெட்டில் ஒரு கழுகுப் படம் ஒட்டியிருந்தது என்றுகூடச் சொன்னாள். கழுகு! அந்தக் கழுகு எங்கேயிருந்து வந்தது அத்தைக்கு? ரேணுகாவுக்குச் சிவப்பு ஹெல்மெட் வைத்த யாரையும் தெரியாது, அந்த பேக்கரி முட்டை பப்ஸ் நன்றாக இருக்கும் என்பது தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, திரும்பாமலே கேட்டார்: "அந்தச் சிவப்பு ஹெல்மெட் யாரும்மா?" இருக்கிறானா என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டார். இருபது வருஷம் வளர்த்த மனுஷர், தெரு முழுக்கத் தெரிந்த மனுஷர், ஒரு கழுகுப் படத்துக்கு மசிந்துவிட்டார். அவள் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, இல்லாதவனை எப்படி இல்லை என்று நிரூபிப்பது? பதில் இல்லாததே பதிலாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஜாதகம் திரும்பிப் போயிற்று, பழனியிலிருந்து வந்தது அதற்கும் முன்னாலேயே திரும்பிற்று, உலகம் முழுக்க அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது. பிற்பாடு அப்பா ஒருநாள் தானாகவே அழுதார், அது வேறு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதுவும் வேறு. அது அத்தையால் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அவள் வேண்டாம் என்று விட்டாள். ஆனால் ஒருவர் இருக்கும் இடத்தில் அவர் இல்லை என்றும் இல்லாத இடத்தில் இருக்கிறார் என்றும் சொல்லிவிடுவது என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வரி போதும்.

திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோயம்புத்தூர் இணைப்பு உயிரோடு இருக்கிறது. பழனி பக்கம் இருக்கிறது. இன்னும் பாதி நேரம்கூட ஆகியிருக்காது. சும்மா இருந்துவிட்டால்? நாளைக்கு அண்ணன் கேட்டால் சொல்ல அழகான பொய் ஒன்று ஏற்கெனவே வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. மேல் கம்பெனிக்காரங்க புது ரூல் போட்டுட்டாங்கணா, நம்ம கையில ஒண்ணும் இல்லீங்ணா. அவர் நம்புவார், பிரகதீஷையும் தட்ட விடமாட்டார். மேல் கம்பெனி என்றால் அவருக்கு ஒரு பயம், மரியாதை. யாருக்கும் வலிக்காது, பரிட்சையும் நடக்கும், அவள் நாற்காலியும் இருக்கும். எவ்வளவு வசதி! இப்படித்தான் அவள் இதுவரை ஒவ்வொன்றையும் சமாளித்திருக்கிறாள், ரவுட்டரைச் சாக்காக வைத்து. ரவுட்டர் ஒத்துக்காதுங்ணா. மென்பொருள்ல அந்த வசதி இல்லீங்ணா. அவளுக்கு விருப்பமில்லாத எத்தனை விஷயத்தை மென்பொருள் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது, பாவம். அது செய்யாதது என்று ஒன்றுமே இல்லை, எந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னாலும் கேள்வி கேட்காமல் சொல்லும். முடியாது என்பது அவள். எப்போதும் அவள்தான். அண்ணன் மேல் அவளுக்கு வெறுப்பு இல்லை என்பதுதான் இதில் சங்கடம். அந்தக் காலேஜுக்கு முதல் லைனை அவர்தான் மழையில் நனைந்துகொண்டு இழுத்தார், தென்னை மரத்துக்கு மரம் கயிறு கட்டி இழுத்தார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். காலேஜ் தாளாளர் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் முழுக்க ஒயர் போட்டுக் கொடுத்துவிட்டு மொய்யும் வைத்தார். அப்படிப்பட்டவரிடம் ஒரு வார்த்தை நேரில் சொல்லாமல், இனி லைன் வேண்டாம் என்று கூரியரில் ஒரு தாளை அனுப்பிவிட்டுப் போனார்கள். அந்தத் தாளை அண்ணன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், சாமி படத்துக்குப் பக்கத்தில். வருத்தம் நியாயம்தான். யார் இல்லை என்றது? வருத்தம் நியாயமாக இருந்தால் செய்வதெல்லாம் நியாயமாகிவிடுமா? அத்தைக்கும் வருத்தம் நியாயம்தான், அவள் மகனை வேண்டாம் என்றார்கள். அப்புறம் இன்னொன்று. இன்டர்நெட் கம்பெனிகளின் உலகப் பதிவேட்டில் இந்தக் கம்பெனியின் எண்ணைத் தட்டிப் பார்த்தால் பொறுப்பாளர் என்ற இடத்தில் நாச்சிமுத்து பெயர் வராது. ரேணுகாதேவி என்று வரும், அவள் போன் நம்பர் வரும். போலந்திலிருந்து எவனோ ஒருவன் உங்கள் பக்கமிருந்து குப்பை மெயில் வருகிறது என்று அவள் பெயரைப் பிழையாக எழுதிக் கடிதம் போடுவான், அவள் மன்னிக்கவும், பார்க்கிறேன் என்று பதில் போடுவாள். நாளைக்கு இங்கிருந்து பொய் போனால் அது அவள் பெயரில் போகும். அண்ணனுக்கு அது தெரியுமா என்றால், தெரியாது. தெரிந்தாலும் என்னம்மிணி பேருதான என்பார். ஆமாங்ணா, பேருதான்.

"ரேணுக்கா, நெட்டு இல்லீங்க்கா." கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து ஷாகிதாவின் குரல். புகார் வாங்கும் மேஜை அவளுடையது, ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டியபடி எட்டிப் பார்த்தாள். "எங்க இல்ல?" "இங்கதாங்க்கா. நம்ம ஆபீசுல. ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது." ரேணுகா திரைக்குத் திரும்பினாள். போச்சு. எதையோ உடைத்துவிட்டாய். வீராப்பாகக் காவல் போடுகிறேன் என்று கிளம்பி ஊரையே இருட்டாக்கிவிட்டாய், பிரகதீஷ் சிரிப்பான், தாராபுரம் கதையை இனி அவன் பக்கமிருந்து சொல்வான். "கஸ்டமர் யாராச்சும் கூப்பிட்டாங்களா?" "யாருமே கூப்புடலீங்க்கா, அதான் எனக்கே ஆச்சரியமா இருக்குது." ஒவ்வொரு ஊராகத் தட்டிப் பார்த்தாள். தாராபுரம் ஓடுகிறது. மடத்துக்குளம் ஓடுகிறது. பனியன் கம்பெனிகள், நூல் மில், பஞ்சாயத்து ஆபீஸ், எல்லாம் ஓடுகிறது. வெளியே போகிற முகவரிகளின் எண்ணிக்கையைப் பார்த்தாள், இருக்க வேண்டியதைவிட ஒன்று குறைவு. எது, எது? பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தரையும் விடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தெரிந்ததும் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா என்று தன்னையே அதட்டினாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பட்டியல் எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டை எழுத மாட்டார்கள். டயர் கடை மாடியின் சொந்த முகவரி, இந்த நாற்காலி, ஷாகிதாவின் மேஜை, இந்த அறையின் கூரைக் கேமரா, இவை இருக்கிற சின்னத் தொகுதியை அவள் எழுதவே இல்லை. எது நம்முடையது என்று நறுக்காக எழுத உட்கார்ந்து நம்மையே விட்டுவிட்டாள். காவல் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, பெயர் இல்லையா, வெளியே போகாதே. அப்படியானால் காவல் வேலை செய்கிறது! அந்த சந்தோஷம் முழுசாக வருவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து அண்ணன் படியேறுவதை ஒருவராலும் தவறாகக் கேட்க முடியாது, ஒவ்வொரு படியையும் ஒரு தடவை அதட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

"அம்மிணி, கேமரா போயிருச்சு. டயர்க் கடைக்காரருக்கு நம்ம மாடியக் காட்டலாம்னு போன எடுத்தா சுத்திக்கிட்டே இருக்குது." அவர் போனை நீட்டிக் காட்டினார், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பெனி முதலாளி போனுக்கு வேறு கம்பெனி நெட் வைத்திருக்கிறார், அதைப் பற்றி இந்த ஆபீசில் யாரும் பேசுவதில்லை. ரவுட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்ணா என்று நாக்கு தயாராக நின்றது. அவள் அதை உள்ளே தள்ளினாள். "நாந்தானுங்ணா. நம்ம ஆபீசு அட்ரஸ எழுத மறந்துட்டேன்." "எதுல மறந்துட்ட?" "வெளிய போற வழியில ஒரு காவலு போட்டிருக்கறனுங்ணா. நம்முளுது, நம்மகிட்ட எழுதிக் குடுத்தவங்களுது, அது மட்டுந்தான் இனி வெளிய போகும். மத்தது போகாது." அவர் போனைத் தாழ்த்தினார். "காலேஜுது?" "போகாதுங்ணா." சொல்லியாயிற்று. அவர் கத்துவார் என்று அவள் தோள்கள் எதிர்பார்த்து விறைத்திருந்தன. அவர் கத்தவில்லை. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "இது இப்ப நெலையா நின்னுருச்சா?" என்று கேட்டார். அவர் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை, பிரகதீஷின் பஸ் பயணத்துக்கு அப்புறம் இந்தக் கடிகாரத்தைப் பற்றி அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர். "இன்னமும் சரின்னு சொல்லலீங்ணா. சொல்லலீன்னா கொஞ்ச நேரத்துல தானாப் பழையபடி ஆயிரும்." அவர் முகம் தெளிந்தது. அவள் தோளுக்குப் பக்கத்தில் நாற்காலி முதுகில் கையை வைத்தார். "அப்ப வுடு சாமி. அதும்பாட்டுக்கு ஆகட்டும். நீயும் ஒண்ணும் பண்ணல, நானும் ஒண்ணும் பாக்கல. காத்தாலருந்து இந்த ஏசிக்குள்ளயே உக்காந்திருக்கற, போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வா."

கத்தியிருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அந்தக் குரலில் உண்மையான பிரியம் இருந்தது, அதுதான் கஷ்டம். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி பகல் பாராமல் கார் கொடுத்து அனுப்பிய குரல் அது. காப்பி குடிச்சுட்டு வா. எழுந்து போனால் போதும். கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி, காப்பியைச் சொல்லி, ஆற்றிக் குடித்துவிட்டுத் திரும்பினால் எல்லாம் முடிந்திருக்கும், எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். நாளைக்குக் காலையில் இரண்டு வரி. எழுந்து போகச் சொல்லி அவள் கால்களே கேட்டன. அன்றைக்கும் இப்படித்தான், அப்பா முதுகைக் காட்டி நின்றபோது, அடுப்படிக்குப் போய்விடு, போய்விட்டால் பேச வேண்டாம் என்று கால்கள் சொன்னதைக் கேட்டு நடந்தாள். எத்தனை பெரிய முட்டாள்தனம். சொல்லாமல் விட்ட இடத்தில் மற்றவன் சொன்னது போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதானே அவள் இத்தனை வருஷமாகப் படித்த பாடமும் பார்த்த வேலையும்! அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். விட்டுப்போன ஆபீஸ் முகவரியைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தாள். ஒவ்வொரு எண்ணையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை கடிகாரம் வைக்கவில்லை. வைக்காமல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொண்டாள். என்டர். உடனே திரையில் வந்த வரியில் திரும்புகிற பேச்சே இல்லை, போட்டாச்சு என்பதோடு நின்றுவிட்டது.

"என்ன பண்ணுன?" "சரின்னு சொல்லிட்டேனுங்ணா." "நாஞ் சொன்னது காதுல வுழுகலையா?" "வுழுந்துதுங்ணா. மாட்டேன்." அந்தச் சொல் வெளியே வந்து அறையில் நின்றது. ஷாகிதா தடுப்புக்கு அந்தப்பக்கம் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அந்தக் காலேஜுக்கு மழையில நனஞ்சு லைன் குடுத்தவன் நானு. அந்தாளு எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை, ஒரு வார்த்தை!" இப்போது குரல் உயர்ந்தது, நாற்காலி முதுகிலிருந்து கை போயிற்று. "தெரியுங்ணா. நேராப் போயி அவரு சட்டையப் புடிச்சுக் கேளுங்க, நானும் கூட வாரேன். புள்ளைங்க பரிட்சையில கை வெக்காதீங்க. அப்பறம் நம்ம பேருல போற பொய்யி எம் பேருலதானுங்ணா போகுது, அத நான் விடமாட்டேன்." "நீ இல்லீன்னா பிரகதீஷு வந்து எடுத்துப் போட்டுருவான், பாத்துக்க." "எடுக்கட்டுங்ணா. நான் எதையும் பூட்டி வெக்கல, எடுக்கறதுக்கு ஒரு நொடி போதும். ஆனா காலேஜுலருந்து கேட்டாலும் சென்னையிலருந்து கேட்டாலும் பதில் சொல்றது நானு. யாரு எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்கன்னு பேரோட சொல்லிருவேன்." குரல் நடுங்குகிறது என்று அவளுக்கே கேட்டது. நடுங்கட்டும், வார்த்தை சரியாக இருந்தால் போதும். நாச்சிமுத்து அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனாலும் ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"வருவேனுங்ணா," என்றாள் ரேணுகாதேவி. "பரிட்சை முடியற வரைக்கும் இந்தச் சேர்லதான் உக்காந்திருப்பேன். அதுக்கப்பறம் வேண்டாமுன்னு சொல்லுங்க, போயிக்கறேன்." அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கையிலிருந்த போனில் வட்டம் சுற்றுவது நின்று படம் வந்துவிட்டது. இந்த அறைதான். மேலேயிருந்து பார்க்கும் கேமராவில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவள் தலைக்கு மேலே ஒரு பெரிய ஆள் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்தார், படத்திலும் அந்த ஆள் ஓரடி பின்னால் நகர்ந்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். படியிறங்கும்போது படிகளை அதட்டாமல் இறங்கினார். ரேணுகாதேவி நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.